எண்பத்தாறாம் ஆண்டுக்கான ஒலிபெருக்கி அனுமதி

கோழி எழுந்திருக்கவில்லை.

ரைட்டர் வேல்முருகன் லத்தியின் நுனியால் தரையைத் தட்டினார். "ஏய், எந்திரி" என்றார். கோழி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. காவல் நிலையத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில், பறிமுதல் செய்யப்பட்ட இரண்டு கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளில் ஒன்றின் வாய்க்குள் அது அடைகாத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களாக்கா? நானா குடுக்க மாட்டேங்கறேன்?" என்றார் வேல்முருகன்.

"போன வருசமும் முடியாதுன்னுதான் சொன்னீங்க. அப்பக் கோழி இல்லியே" என்றாள் அம்சவள்ளி.

"அப்ப கேஸ் இருந்துச்சு."

"இப்ப?"

"கேஸும் இருக்கு. கோழியும் இருக்கு."

அம்சவள்ளி நத்தக்குடிகாடு காலனியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவள். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள் அவளிடம் உண்டு. பெரம்பலூர் கல்யாண மண்டபங்களில் அவற்றைப் போட்டால் பந்தி பரிமாறுபவன் கையில் சாம்பார் வாளி அதிரும். ஆனால் இந்த இரண்டு குழாய்களும் அவளுடைய அப்பா தர்மன் வாங்கியவை. தன் மகள் கவியா பெரியவளான சடங்குக்கு அவற்றைத் தென்னைமரத்தில் ஊர்த்தெருவைப் பார்க்கக் கட்டினாள். பெண்ணுக்கு மாலை போடுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. கூம்பு வடிவ ஒலிபெருக்கி தடை செய்யப்பட்ட பொருள் என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதே மாதம் ஊர்த்தெருக் கோயில் திருவிழாவுக்குப் பனைமரத்துக்குப் பனைமரம் குழாய் கட்டியிருந்தார்கள். அது யார் காதிலும் விழவில்லை. காதில் விழாத ஒலியின் மேல் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

இப்போது அவள் காலனியில் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கூரை மட்டத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. வீடு குடிபோகிற அன்று அப்பாவின் குழாய்கள் மொட்டை மாடியில் நின்று ஊர்த்தெருவைப் பார்த்துப் பாட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகத்தான் இந்த வேப்பமரத்தடிக்கு நடந்துகொண்டிருந்தாள்.

இன்று ரைட்டர் அவளிடம் நின்று பேசியதற்குக் காரணம் அவள் அல்ல. அவளுடன் வந்திருந்த சினிமா டைரக்டர் தமிழழகன்.

தமிழழகன் காதை மறைக்கும் தலைமுடியும், தோளைத் தொடும் சட்டைக் காலரும், முழங்காலுக்குக் கீழே விரியும் பேண்டுமாக இருந்தார். அவர் எடுக்கும் படத்தின் பெயர் 'ஸ்டெப் கட்டிங் சிங்காரம்'. எண்பத்தாறாம் ஆண்டில் நடக்கும் நகைச்சுவைக் கதை. அந்த ஆண்டில் அவர் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டை அவரைப் போல இழந்து தவித்தவர்கள் யாருமில்லை. அவருடைய அம்மா நத்தக்குடிகாடு ஊர்த்தெருவில் பிறந்தவர். சாயங்காலமானால் ஏரிப் பக்கமிருந்து குழாய்ப் பாட்டு மிதந்து மிதந்து வரும் என்று அம்மா சொல்லிச் சொல்லி, அந்த ஒலியைத் தானே கேட்டதாக அவருக்கு நினைவிருந்தது. அதைப் படத்தில் கொண்டுவரத்தான் தர்மனின் குழாய்களைத் தேடி வந்திருந்தார்.

அவர் குழாயின் முன்னால் மண்டியிட்டார். "இந்தத் துரு... இந்தத் துருவை யாரும் தொட்டுடாதீங்க" என்றார்.

"தொடலீங்க. கோழிதான் தொடுது" என்றார் வேல்முருகன்.

படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பூங்குழலி ஒரு மைக்கை நீட்டிக் குழாயின் விளிம்பை நகத்தால் தட்டினாள். கோழி கொக்கரித்தது. அவள் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "எக்ஸலண்ட்" என்றாள். கோழியைச் சொன்னாளா, குழாயைச் சொன்னாளா என்று ரைட்டருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தார்.

"தாசில்தார் ஆர்டர் வாங்கிட்டு வாங்க சார். கோழிய நான் பேசி எழுப்பிடறேன்."

வட்டாட்சியர் அரங்கநாதன் சட்டப்படி நடப்பவர். சட்டம் எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் நடப்பவர்.

"கூம்பு வடிவம் தடை செய்யப்பட்டது. அது உங்களுக்கே தெரியும்" என்றார்.

"சார், கதை நடக்கிறது எண்பத்தாறுல. அப்பத் தடை கிடையாது" என்றார் தமிழழகன்.

அரங்கநாதன் பேனாவை மூடினார். இருபத்தைந்து ஆண்டுப் பணியில் யாரும் அவரிடம் இப்படி ஒரு சட்ட நுணுக்கத்தை முன்வைத்ததில்லை. அலுவலகத்தில் வழக்கமாக அழுவார்கள், இல்லையென்றால் யாரையாவது தெரியும் என்பார்கள்.

"அதாவது, இந்த ஒலி இப்ப எழும்பாது. எண்பத்தாறுலதான் எழும்பும்?"

"ஆமா சார்."

"அப்ப அனுமதியும் எண்பத்தாறாம் வருசத்துக்குத்தான் குடுக்கணும்."

"குடுங்க சார்."

"எப்படிக் குடுக்கறது? எண்பத்தாறுல பெரம்பலூர் மாவட்டமே கிடையாதே. எல்லாம் திருச்சி. இல்லாத மாவட்டத்துல நான் ஒக்காந்து கையெழுத்துப் போட்டா ஆடிட்ல கேப்பானா மாட்டானா?"

"அப்பத் திருச்சியில வாங்கணுமாங்க?" என்று அம்சவள்ளி கேட்டாள். அவளுக்கு உட்கார நாற்காலி போடவில்லை. கேட்டதும் டைரக்டர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்கார்ந்ததும் வட்டாட்சியர் மின்விசிறியைப் பார்த்தார்.

"திருச்சியில போய்க் கேட்டா நத்தக்குடிகாடு எங்ககிட்ட இல்லம்பாங்க. அவங்க சொல்றதும் ரைட்டு. இப்ப இல்ல. இருந்தப்பக் கேக்கல."

அவர் மேசை மேலிருந்த சான்றிதழ்க் கட்டைப் புரட்டினார். பிறகு அரங்கநாதனின் முகம் மெல்லத் தெளிந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு அவர் கையால் கொடுப்பது ஒன்று உண்டு. அதையே தனக்கும் கொடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றிவிட்டது.

"வாரிசுச் சான்று போட்டுடலாம்" என்றார்.

"யாருக்குங்க சார்?"

"இந்த ஆபீசுக்கு. அன்னைய திருச்சி மாவட்டத்தோட இந்தப் பகுதிக்கு நேரடி வாரிசு பெரம்பலூர். வாரிசுங்கற முறையில நான் கையெழுத்துப் போடறேன்."

"திருச்சி இன்னும் இருக்கே சார். இருக்கறவங்களுக்கு எப்படி வாரிசு?"

"திருச்சி இருக்கும்மா. எண்பத்தாறாம் வருசத் திருச்சி இருக்கா? செத்துப் போச்சில்ல?"

தமிழழகன் கைகூப்பினார். எழுத்தர் ஒருவர், அரியலூரையும் வாரிசாகச் சேர்க்க வேண்டுமே, ஏரியின் எதிர்க்கரை அரியலூர் மாவட்டத்தில் அல்லவா இருக்கிறது, பாட்டு அங்கேயும் போகுமே என்று நினைவூட்டினார்.

"வேணாம்" என்றார் அரங்கநாதன். "அது பொறந்து, இல்லாமப் போயி, மறுபடி பொறந்த மாவட்டம். அத வாரிசுல சேத்தா எந்தப் பொறப்புன்னு கேள்வி வரும். எண்பத்தாறுல எல்லை கிடையாது. பாட்டு அந்தாண்ட போனாலும் திருச்சிக்குள்ளதான் போகும்."

ஆணை அன்று மாலையே தட்டச்சாகியது. 'மேற்படி கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள் 1986ஆம் ஆண்டில் மட்டும் ஒலிக்கத்தக்க வகையில்' விடுவிக்கப்பட்டன. நிபந்தனைகள் பின்தொடர்ந்தன. கோழிக்கும் முட்டைகளுக்கும் ஊறு நேராத வண்ணம். மருத்துவமனை, கல்விக்கூடம் ஆகியவற்றிலிருந்து விலகி. ஏழாவது நிபந்தனை: 'ஒலிபெருக்கியின் வாய் குடியிருப்புகளை நோக்காமல், நீர்நிலை இருப்பின் அதனை நோக்கித் திருப்பப்பட வேண்டும்.'

அம்சவள்ளி அதை வீட்டில் படித்துக் காட்டியபோது தர்மன் சிரிக்கத் தொடங்கினார். அவருக்குச் சிரிப்பு வந்தால் இருமலில்தான் முடியும்.

"என்னாத்துக்குப்பா சிரிக்கற?"

"எம்பத்தாறுல உங்க அத்த கல்யாணத்துக்கு மொத மொதல்ல கொழா கட்டுனேன். ஊர்த்தெருவப் பாத்துத்தான் கட்டுனேன். நாலு பேரு வந்தானுங்க. தர்மா, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஏரிய பாத்துத் திருப்பிக் கட்டுடான்னானுங்க. ஏணியப் புடிச்சிக்கிட்டு நின்னானுங்க, நான் ஏறித் திருப்பற வரைக்கும்."

"அதுக்கு?"

"அன்னைக்கி வாயால சொன்னாங்க. இன்னைக்கி சீல் போட்டுக் குடுத்திருக்காங்க. முன்னேற்றந்தான்."

படப்பிடிப்புக்காக நத்தக்குடிகாடு எண்பத்தாறுக்குக் கொண்டுபோகப்பட்டது. செல்போன் கோபுரத்துக்கு ஓலை கட்டிப் பனைமரமாக்கினார்கள். மொட்டை மாடிகளிலிருந்து டிஷ்களைக் கழற்றினார்கள். பஞ்சாயத்து போர்டு சுவரில் எழுதியிருந்த அரசுத் திட்டங்களின் மேல் சுண்ணாம்பு அடித்து, பழைய சோப்பு விளம்பரம் வரைந்தார்கள். இதில் ஊர் மக்களுக்கு மகிழ்ச்சி. திட்டங்கள் வந்ததைவிட சோப்பு வந்தது உண்மை. காலனிக்குக் கலை இயக்குநர் வரவில்லை. கதையில் காலனி இல்லை. எண்பத்தாறு முழுவதும் ஊர்த்தெருவில்தான் நடந்தது.

பாட்டுதான் சிக்கலாக இருந்தது. அந்தக் காலத்துப் பாட்டுக்கு உரிமை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே சென்னையில் ஒரு பையன் லேப்டாப்பில் புதிதாக ஒரு பழைய பாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தான்.

*தாவணிக்கு என்ன கோபம் – அது*
*டவுன் பஸ்ஸு ஏறிப் போகுது*

இசைத்தட்டின் கீறல்களையும், ஊசி துள்ளும் 'டக்'கையும் பூங்குழலி தனியே சேர்த்திருந்தாள். ஊரில் முதன்முறையாக அதைப் போட்டுக் காட்டியபோது நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அட, இந்தப் பாட்டா!" என்றார் டீக்கடைக்காரர். "ஜெயங்கொண்டத்துல இந்தப் படத்த மூணு தரம் பாத்தேன்."

"எங்க கல்யாணத்துக்கு இதத்தான் போட்டாங்க" என்று ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படப்பிடிப்பைப் பார்வையிட வந்த வட்டாட்சியரும் தலையாட்டினார். "எட்டாவது படிக்கிறப்ப ரேடியோல அடிக்கடி வைப்பான். ரெண்டாவது சரணம் இன்னும் நல்லா இருக்கும்."

பாட்டுக்கு இரண்டாவது சரணம் கிடையாது. காட்சிக்குத் தேவைப்படாததால் பையன் போடவில்லை. பூங்குழலி வாயைத் திறந்தாள். தமிழழகன் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

குழாய்களை முதலில் ஊர்த்தெரு நடுவில் ஒரு கம்பத்தில் கட்டினார்கள். பாட்டு முகத்தில் அறைந்தது. மாடுகள் கயிற்றை அறுத்தன. தமிழழகன் ஹெட்போனைக் கழற்றினார்.

"சவுண்டு வருது. எண்பத்தாறு வரல" என்றார்.

"கீறல் கம்மியா இருக்கோ?" என்றாள் பூங்குழலி. கீறலைக் கூட்டினாள். பாட்டு பொரித்த அப்பளம் போல ஆயிற்று. அப்போதும் எண்பத்தாறு வரவில்லை. அதற்குள் அரங்கநாதன் அண்ணாந்து பார்த்துவிட்டார்.

"ஏழாவது கண்டிசன் என்னாச்சு? குடியிருப்ப நோக்கக் கூடாது. ஏரிய நோக்கணும். ஏரிய நோக்கிக் கட்ட எடம் எங்க இருக்கு?"

இடம் ஒன்றுதான் இருந்தது. காலனியின் கோடியில், ஏரிக்கரைப் புளியமரம்.

"காலனி குடியிருப்பு இல்லீங்களா சார்?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

"நோக்கக் கூடாதுன்னுதாம்மா இருக்கு. பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு இல்ல. ஆர்டர ஒழுங்காப் படிக்கணும்."

அவள் ஏறிக் கட்டினாள். தர்மன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். பாட்டு ஏரியின் மேல் போயிற்று. எதிர்க்கரை மேட்டில், அரியலூர் மாவட்டத்தில் முட்டி, இளைத்து, கொஞ்சம் நனைந்து, திரும்பி ஊர்த்தெருவுக்கு வந்தது. வருவதற்குள் சொற்கள் உதிர்ந்து ராகம் மட்டும் மிச்சமிருந்தது.

தமிழழகன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். சென்னையிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா, சொந்தக்காரர் வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதாண்டா... இதேதான். எங்கியோ தூரத்துலேருந்து வரும்பேனே, இதுதான்" என்றார்.

"இது ஏம்மா தூரத்துலேருந்து வந்துச்சு?" என்று பூங்குழலி கேட்டாள். அவளுக்குத் தொழில்முறை ஆர்வம்.

அந்த அம்மாள் யோசித்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "அந்தக் காலத்துல எல்லாமே தூரமாத்தான் இருந்துச்சும்மா" என்றார். தமிழழகன் அதை வசனமாகச் சேர்த்துக்கொண்டார்.

படப்பிடிப்பு முடிந்த மறுநாள் அம்சவள்ளி குழாய்களை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பின்னாலேயே ரைட்டர் வேல்முருகன் பைக்கில் வந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எண்பத்தாறு நேத்தோட முடிஞ்சிருச்சு. கொழா இப்ப இந்த வருசத்துக்குள்ள வந்திருச்சு. இந்த வருசத்துல தடை இருக்குல்ல?"

குழாய்கள் மறுபடியும் வேப்பமரத்தடிக்குப் போயின. கோழி குஞ்சுகளுடன் அதே குழாய்க்குள் குடிபுகுந்தது.

படம் வெளிவந்தது. கதையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நகைச்சுவைக்குச் சிரித்தவர்கள் வெளியே வந்து மறந்துவிட்டார்கள். ஆனால் ஏரியைத் தாண்டி அந்தப் பாட்டு மிதந்து வரும் இடத்தில் பெரம்பலூர் தியேட்டரில் செல்போன் விளக்குகளை ஏற்றி அசைத்தார்கள். திறனாய்வாளர் ஒருவர், 'தமிழ் மண் தொலைத்துவிட்ட ஈரமான ஒலி' என்று எழுதினார். இன்னொருவர் அந்த ஒலியில் ஒரு காலத்தின் வெள்ளந்தித்தனம் இருப்பதாகக் கண்டுபிடித்தார்.

அப்புறம் தொடங்கியது. பையன்கள் காதை மூடி முடி வளர்த்தார்கள். பொறியியல் கல்லூரிப் பெண்கள் பொட்டு போட்ட தாவணியில் பஸ் ஸ்டாண்டில் நின்று, கோபமாக டவுன் பஸ் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குக் குழாய் வேண்டும் என்றார்கள். ஏரி எதிரொலியோடு வேண்டும் என்றார்கள். அரங்கநாதனிடம் முன்மாதிரி ஆணை தயாராக இருந்தது. எவர் வந்து கேட்டாலும் ஒரே கேள்விதான்.

"விசேசம் எந்த வருசத்துல வைக்கிறீங்க?"

விவரம் தெரியாதவர்கள் நடப்பு ஆண்டைச் சொல்லித் திரும்பிப் போனார்கள். விவரம் தெரிந்தவர்கள் எண்பத்தாறு என்றார்கள். அந்த ஆவணி மாதம் வட்டாரத்தில் பெரும்பாலான திருமணங்கள் எண்பத்தாறில் நடந்தன. பத்திரிகையிலும் அப்படியே அச்சடித்தார்கள். ஒரு தம்பதி திருமணத்தைப் பதிவு செய்யப் போனபோது, மணமகள் பிறப்பதற்குப் பதினாறு ஆண்டு முன்பு நடந்த திருமணத்தைப் பதிய இயலாது, குழந்தைத் திருமணத்தைவிட இது கடுமையானது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் இந்த ஆண்டில் இன்னொரு முறை, பாட்டு இல்லாமல், தாலி கட்டிக்கொண்டார்கள்.

ஊர்த்தெருக் கல்யாணங்களுக்குக் குழாய்கள் காலனிப் புளியமரத்தில் கட்டப்பட்டன. எதிரொலிக்கு அதுதான் இடம் என்று படப்பிடிப்பிலேயே தெரிந்திருந்தது. வேறு ஊரிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்தார்கள். கல்யாணம் ஊர்த்தெருவில், கறிச்சோறு ஊர்த்தெருவில், மாப்பிள்ளை ஊர்த்தெருவில். குழாய் மட்டும் காலனியில். ஏரிக்குப் போகும் முன் பாட்டு காலனிக் குழந்தைகளின் தலைமாட்டில் புறப்பட்டது. காலனிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். குழாயின் வாய் அவர்களை நோக்கவில்லை என்பதால் அது தள்ளுபடியாயிற்று.

அம்சவள்ளியின் வீடு முடிந்தது. அவள் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். இந்த முறை நாற்காலி போட்டார்கள். படத்தின் நன்றி அறிவிப்பில் அரங்கநாதனின் பெயருக்கு மேலே அவள் பெயர் இருந்தது.

"வூடு குடிபோறேன் சார். எங்கப்பாவோட கொழாயே வேணும்."

"எந்த வருசத்துல?"

"எண்பத்தாறுலயே வச்சுக்கறேன் சார்."

"அதுல ஒரு சிக்கல் இருக்கும்மா." அரங்கநாதன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எண்பத்தாறுல காலனியில மாடி வீடு கிடையாது. எல்லாம் கூரை. இல்லாத வூட்டுக்கு எப்படிக் குடிபோவீங்க?"

"கட்டியிருக்கேனே சார்."

"இப்பக் கட்டியிருக்கீங்க. இப்பன்னா கொழா கிடையாது. அப்பன்னா வூடு கிடையாது."

குழாயா வீடா என்று இதுவரை யாரும் அம்சவள்ளியை இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

"ஒண்ணு பண்ணுங்க" என்றார் அவர். "முன்னாடி தெரியற மாதிரி கீத்துத் தட்டி கட்டி மறைச்சிருங்க. பாக்கறதுக்குக் கூர வூடு மாதிரி இருந்தா எண்பத்தாறுன்னு எடுத்துக்கலாம். சினிமாவுல செய்யலியா?"

"சரிங்க சார்" என்றாள்.

ஆணை வந்தது. ஏழாவது நிபந்தனை அப்படியே இருந்தது. வேல்முருகனே குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினார். எச்சத்தைக் கழுவித் துடைத்திருந்தார். அம்சவள்ளி கீற்றுத் தட்டிகளை வாங்கிக் கொல்லையில் சமையல் பந்தலுக்குப் போட்டாள். குழாய்களை மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் ஊர்த்தெருவைப் பார்க்கக் கட்டினாள். ஸ்பேனரால் நட்டை இறுக்கியபோது தர்மன் பக்கத்தில் நின்றார். "இன்னொரு சுத்து" என்றார். இன்னொரு சுற்று இறுக்கினாள்.

பால் பொங்கியது. எல்லோரும் வந்திருந்தார்கள். வட்டாட்சியர் வந்திருந்தார். ரைட்டர் குடும்பத்துடன் வந்திருந்தார். ஊர்த்தெருவிலிருந்து சிலர் வந்து, உள்ளே வராமல், படத்துக்குக் குழாய் கட்டிய மரம் இந்தப் பக்கம்தானே என்று வாசலில் நின்றார்கள். கவியாவும் அவள் சிநேகிதிகளும் பொட்டு போட்ட தாவணியில், இரட்டைச் சடையில் இருந்தார்கள். அம்சவள்ளி பாட்டைப் போட்டாள்.

தாவணிக்கு என்ன கோபம் என்று குழாய்கள் ஊர்த்தெருவை நேருக்கு நேர் கேட்டன. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வாசற்படியில் போய் நின்றது. அம்சவள்ளி ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"யம்மா!" கவியா மாடிப்படியில் ஓடி வந்தாள். "என்னம்மா இது? எக்கோவே வரல!"

"எதுக்கு எக்கோ?"

"படத்துல மாதிரி தூரத்துலேருந்து வரணும்மா. இது ஏதோ மைக் செட்டு மாதிரி இருக்கு. ரீல்ஸ் எடுக்க முடியல. ஏரிப் பக்கம் திருப்பும்மா."

"திருப்பறதா? ஏ, உங்க தாத்தா..."

"ஆமாத்தை, திருப்புங்க" என்றாள் ஒரு சிநேகிதி. "இப்படி வச்சா ரெட்ரோவே இல்ல."

கீழே காலனிப் பையன்கள் முடியை ஒதுக்கிவிட்டுக் குரல் கொடுத்தார்கள். "அம்சாக்கா! ஏரிக்குத் திருப்புக்கா!"

"ஏழாவது கண்டிசன்" என்றார் அரங்கநாதன் பாயசத் தம்ளருடன். ஆனால் அவர் சொன்னது அதிகாரியாக அல்ல, ரசிகராக. "தூரத்துலேருந்து வந்தாத்தாம்மா அதுக்கு அழகு."

"கிட்டக்கக் கேட்டா அந்தப் பழைய சொகம் இல்லியேம்மா" என்று வாசலில் நின்ற ஊர்த்தெருப் பெரியவர் கனிவாகச் சொன்னார். "அந்தக் காலத்துல உங்கப்பன் எவ்வளவு அழகா ஏரியப் பாத்துக் கட்டுவான் தெரியுமா?"

நத்தக்குடிகாட்டில் ஊரும் காலனியும் அரசும் ஒரே கருத்துக்கு வந்தது அன்றுதான். வேல்முருகன் அதைக் கவனித்து, ஒலிபெருக்கியால் அமைதி உண்டாவதை முதன்முறையாகப் பார்ப்பதாகச் சொன்னார். யாரோ கைதட்டினார்கள். கவியா ஏணியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டாள்.

அம்சவள்ளி மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் குறும்பு இல்லை. உண்மையான ஏக்கம் இருந்தது.

"ஸ்பேனர் எங்கம்மா?" என்றாள் கவியா.

"பொட்டிக்குள்ள பாரு" என்றாள் அம்சவள்ளி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. பாட்டு சத்தமாக இருந்தது.

பெட்டியில் இல்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இல்லை. சிநேகிதிகள் வாழைத்தாரைப் புரட்டிப் பார்த்தார்கள். வேல்முருகன் பைக்கின் டூல் பாக்ஸைக் குடைந்தார். வட்டாட்சியர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஊர்த்தெருப் பெரியவர் முதன்முறையாக வாசற்படி ஏறி உள்ளே வந்து தேடினார்.

தர்மன் ஸ்பேனரைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மாடிப்படி இறங்கிப் போய், முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.